பத்து நிமிட இடைவேளைக்குப் பின் ஒரு தண்டனை

2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 14 ஆம் நாள், சைப்ரஸ் நாட்டின் லிமசோல் நகரில் ஒரு கொலை வழக்கின் விசாரணை நடந்துகொண்டிருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக வாதாடிய மூத்த வழக்கறிஞர் ஒரு காவலரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது, அந்தக் கட்டத்துக்குத் தேவையில்லாத கேள்விகளைக் கேட்கிறார் என்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இடைமறித்தது. அவர் வழக்கிலிருந்து விலக அனுமதி கேட்டார், அனுமதி மறுக்கப்பட்டது. தாம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கையில் நீதிபதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதாகவும் ஒருவருக்கொருவர் 'ரவசாக்கியா' அனுப்பிக்கொள்வதாகவும் அவர் சொன்னார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குச் சிறு குறிப்புச் சீட்டு என்று ஒரு பொருள், காதல் கடிதம் என்று இன்னொரு பொருள். சொன்னதைத் திரும்பப் பெறுகிறீரா, இல்லையென்றால் ஏன் தண்டிக்கக் கூடாது என்று கூறுகிறீரா என்று அமர்வு கேட்டது. ஏறத்தாழப் பத்து நிமிடம் இடைவேளை விட்டுத் திரும்பிய அமர்வு, அவருக்கு ஐந்து நாள் சிறைத் தண்டனை விதித்தது. தண்டனை உடனே நடைமுறைக்கு வந்தது.

பல ஆண்டுகளாக நீதிமன்றத்துக்குள் வேலை செய்பவன் என்ற முறையில், இந்த வழக்கின் விவரங்களைப் படித்தபோது என்னை உலுக்கியது தண்டனையின் அளவு அன்று; அந்தப் பத்து நிமிடம்தான். கொலை வழக்கை மாதக்கணக்கில் பொறுமையாகக் கேட்கும் ஓர் அமர்வு, தன்னைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு சொல் குறித்த வழக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டது. அந்த வழக்கில் சாட்சிகள் யார் என்றால் நீதிபதிகள். புண்பட்டவர்கள் யார் என்றால் அவர்களே. குற்றச்சாட்டை எடுத்துரைத்தவர்களும், எந்தப் பொருளில் அந்தச் சொல் சொல்லப்பட்டது என்று முடிவு செய்தவர்களும், தண்டனையின் அளவை நிர்ணயித்தவர்களும் அவர்களே. தனிப்பட்ட மனிதர்கள் என்ற முறையில் தாங்கள் ஆழமாக அவமதிக்கப்பட்டதாக அவர்கள் தங்கள் தீர்ப்பிலேயே எழுதியிருந்தார்கள். 2005 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, கிப்ரியானு எதிர் சைப்ரஸ் என்ற அந்த வழக்கில், பாரபட்சமற்ற நீதிமன்றத்தால் விசாரிக்கப்படும் உரிமையும் கருத்துரிமையும் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தண்டனையை அனுபவித்த வழக்கறிஞருக்கு இந்தத் தீர்ப்பு வந்து சேர ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆயின.

நீதிமன்றத்தில் ஒழுங்கு வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. கூச்சலுக்கு நடுவில் சாட்சியம் பதிவு செய்ய முடியாது. மிரட்டப்படும் சாட்சி உண்மை பேச மாட்டார். எதிர்த்தரப்பின் ஆட்கள் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, நடுங்கியபடி கூண்டில் ஏறும் ஒரு பெண்ணுக்கு நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) அதிகாரம்தான் ஒரே பாதுகாப்பு. அந்த அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டால் பாதிக்கப்படுவது நடுவர் மட்டும் அல்லர், நீதி கேட்டு வந்தவர்கள் எல்லோரும்தான். ஆனால் குழப்பத்தை நிறுத்துவது ஒரு செயல். குழப்பம் செய்தவரைத் தண்டிப்பது வேறொரு செயல். முதலாவதை அந்த நொடியிலேயே செய்தாக வேண்டும். இரண்டாவதற்கு அந்த அவசரம் ஏறக்குறைய எப்போதுமே இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான், முதலாவதற்கு உரிய வேகம் இரண்டாவதற்கும் ஒட்டிக்கொள்கிறது. நான் பார்த்த, படித்த அநீதிகளில் பெரும்பாலானவை இந்த ஓர் ஒட்டுதலிலிருந்து பிறந்தவை.

இங்கிலாந்தில் 1974 இல் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞர், சலிப்பூட்டும் ஒரு விசாரணையைக் கலகலப்பாக்குவதாக எண்ணி, மயக்க மருந்தாகப் பயன்படும் சிரிப்பூட்டும் வாயுவை நீதிமன்றத்தின் காற்றோட்டக் குழாய் வழியாகச் செலுத்தத் திட்டமிட்டார். மருத்துவமனையிலிருந்து ஓர் உருளையையும் திருடி வந்தார். திட்டம் நிறைவேறும் முன்பே பிடிபட்டார். நீதிபதி சுருக்க முறையில் விசாரித்து ஆறு மாதச் சிறை விதித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்குள் பதினான்கு நாட்கள் சிறையில் கழிந்திருந்தன. உடனடியாகச் செயல்பட்டே தீர வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டுமே நீதிபதி தாமே தண்டிக்கும் சுருக்க வழியில் இறங்கலாம் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. அந்த இளைஞர் ஏற்கெனவே காவலில் இருந்தார், உருளையும் பறிமுதலாகிவிட்டது, விசாரணையும் இடையூறின்றி நடந்துகொண்டிருந்தது. திருட்டு வழக்கை வழக்கமான முறையில் நடத்தியிருந்தாலே போதும்.

அவமதிப்பு மிகக் கொடியதாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971 இல் தீர்மானித்த மேபெரி எதிர் பென்சில்வேனியா வழக்கைச் சொல்வேன். தமக்காகத் தாமே வாதாடிய ஒரு குற்றவாளி, விசாரணையின் பல நாட்களில் நீதிபதியை வாய்க்கு வந்தபடி வசைபாடினார். அச்சில் ஏற்ற முடியாத சொற்கள் அவை. விசாரணை முடிந்ததும் அதே நீதிபதி, பதினோரு அவமதிப்புகளுக்காக அவருக்கு 11 முதல் 22 ஆண்டு வரை சிறை விதித்தார். வசைகள் உண்மையில் பேசப்பட்டன என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஆனாலும் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. விசாரணை முடியும் வரை காத்திருக்க முடிந்த நீதிபதிக்கு, வேறொரு நீதிபதியிடம் விஷயத்தை ஒப்படைக்கவும் முடிந்திருக்கும். அப்படி வசைபாடப்பட்ட எவராலும் நடுநிலையான தீர்ப்புக்கு வேண்டிய அமைதியைக் காத்துக்கொள்வது அரிது என்பதே அதன் நிலைப்பாடு. இதே நீதிமன்றம்தான் அதற்கு முந்தைய ஆண்டில், இல்லினாய் எதிர் ஆலன் வழக்கில், தொடர்ந்து குழப்பம் செய்யும் குற்றஞ்சாட்டப்பட்டவரை, ஒழுங்காக நடந்துகொள்வதாக அவர் உறுதி கூறும் வரை நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றலாம் என்று கூறியிருந்தது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், நிறுத்துவதற்கான அதிகாரம் எவ்வளவு அகலமானது, தண்டிப்பதற்கான வழி எவ்வளவு குறுகலானது என்பது விளங்கும்.

இந்தியச் சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் அன்றாடம் புழங்கும் சட்டம் அது. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971, அவமதிப்புக்காகத் தண்டிக்கும் அதிகாரத்தைக் குற்றவியல் நடுவருக்குத் தரவில்லை. கீழமை நீதிமன்றம் அவமதிக்கப்பட்டால், அது உயர் நீதிமன்றத்துக்கு எழுதியனுப்பலாம். விசாரிப்பதும் தண்டிப்பதும் உயர் நீதிமன்றத்தின் வேலை. நடுவருக்குத் தம் முன்னிலையில் நடந்த அவமதிப்பைத் தாமே தண்டிக்க இருக்கும் வழி வேறு: முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 345 ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 384 ஆம் பிரிவு. நீதிமன்றத்தை வேண்டுமென்றே அவமதித்தவரையோ அதன் நடவடிக்கைக்கு வேண்டுமென்றே இடையூறு செய்தவரையோ காவலில் வைக்கலாம். அன்றைய தினம் நீதிமன்றம் கலைவதற்குள், ஏன் தண்டிக்கக் கூடாது என்று காரணம் காட்ட அவருக்கு நியாயமான வாய்ப்பளித்த பிறகு, அபராதம் விதிக்கலாம். அபராதத்தின் உச்ச அளவு முன்பு 200 ரூபாய், இப்போது 1000 ரூபாய். கட்டத் தவறினால் ஒரு மாதம் வரை வெறுங்காவல்.

காரணம் காட்ட வாய்ப்பளிக்க வேண்டும் என்ற சொற்கள் 1898 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 480 ஆம் பிரிவில் இல்லை. 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் அவற்றைச் சேர்த்தது. சிறிய திருத்தம் போலத் தோன்றும். ஆனால் இந்தக் குற்றத்தின் உயிர்நாடி 'வேண்டுமென்றே' என்ற சொல்லில் இருக்கிறது. கைப்பேசி ஒலித்ததை நடுவர் தம் காதால் கேட்டிருக்கலாம். அழைத்தும் எழுந்து நிற்காதவரைத் தம் கண்ணால் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்தாரா என்பதைக் கண்ணாலும் காதாலும் அறிய முடியாது. அவருக்குக் காது கேட்காமல் இருக்கலாம். மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவராக இருக்கலாம். நீதிமன்றத்தில் பேசப்பட்ட மொழி அவருக்குப் புரியாமல் இருந்திருக்கலாம், அல்லது அவர் பேச்சுவழக்கில் இயல்பான ஒரு சொல் இங்கே மரியாதைக் குறைவாக ஒலித்திருக்கலாம். தன் மகனின் மரணம் பற்றிய வழக்கில் ஐந்தாவது முறையாக வாய்தா போடப்பட்டதைக் கேட்டு ஒரு தாய் கத்தியிருக்கலாம். கேட்டால் மட்டுமே இவை தெரியவரும். ஆகவே எங்கள் கண் முன்னாலேயே நடந்ததற்கு விளக்கம் எதற்கு என்ற கேள்விக்கு விடை எளிது: நடந்தது என்ன என்பதற்கு நடுவரே சாட்சியாக இருக்கலாம், ஏன் நடந்தது என்பதற்கு அவர் சாட்சி அல்லர்.

அதே பிரிவு இன்னொன்றையும் கட்டாயமாக்குகிறது, நடைமுறையில் மிக எளிதாக மறக்கப்படுவதும் இதுதான். குற்றமாக அமையும் நிகழ்வுகளையும், குற்றஞ்சாட்டப்பட்டவர் ஏதேனும் கூறியிருந்தால் அந்தக் கூற்றையும், முடிவையும் தண்டனையையும் நீதிமன்றம் எழுதிவைக்க வேண்டும். இடையூறு அல்லது அவமதிப்பு என்றால், எந்த நடவடிக்கை, எந்தக் கட்டத்தில் தடைப்பட்டது, அவமதிப்பின் தன்மை என்ன என்பதும் பதிவில் இருக்க வேண்டும். 'நீதிமன்றத்தின் மாண்பைக் குலைக்கும் வகையில் நடந்துகொண்டார்' என்று எழுதினால் அது பதிவாகாது. அது ஒரு முடிவு. என்ன சொல் சொன்னார், எந்தத் தொனியில், எத்தனை முறை எச்சரித்த பிறகு என்று எழுதினால்தான் மேல்முறையீட்டில் இன்னொருவர் அதை எடைபோட முடியும். எழுதும் வேலைக்கு வேறொரு நன்மையும் உண்டு என்பது என் நம்பிக்கை. சொல்லைச் சொல்லாகத் தாளில் இறக்கிவைக்கும்போது, செவியில் இடிபோல ஒலித்த பல சொற்கள் சிறுத்துப் போகின்றன.

இந்தப் பிரிவுகளின் அமைப்பில் நான் மிகவும் மதிக்கும் இடம், அடுத்த பிரிவில் இருக்கிறது. அபராதத்தோடு விடக் கூடாது, சிறைத் தண்டனையே தேவை என்று நீதிமன்றம் கருதினால், அது தானே அந்தத் தண்டனையை விதிக்க முடியாது. நிகழ்வுகளையும் அவரது கூற்றையும் பதிவு செய்து, வழக்கை விசாரிக்க அதிகாரமுள்ள வேறொரு நடுவருக்கு அனுப்ப வேண்டும். அங்கே வழக்கமான விசாரணை நடக்கும். புண்பட்ட மனத்தோடு இருக்கும் ஒருவர் கையில் சிறிய தண்டனை மட்டுமே விடப்பட்டிருக்கிறது. பெரிய தண்டனை புண்படாத ஒருவரிடம் போகிறது. எழுதியவர்கள் மனித இயல்பை நன்றாக அறிந்தவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒப்பிட்டுப் பார்த்தால், இங்கிலாந்தில் 1981 ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி, அவமதிக்கப்பட்ட அதே நடுவர் அமர்வே ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம், 2500 பவுண்டு வரை அபராதமும் விதிக்கலாம். அந்த அகலமான அதிகாரத்துக்கு ஈடாக அங்கே குற்றவியல் நடைமுறை விதிகள் வேலிகளை அமைத்திருக்கின்றன: குற்றமாகச் சொல்லப்படும் நடத்தை எது என்பதை அவருக்குப் புரியும் சொற்களில் விளக்க வேண்டும், சிறைக்கு அனுப்பும் அதிகாரம் இருப்பதைத் தெரிவிக்க வேண்டும், அவர் விளக்கமளிக்கவும் விரும்பினால் மன்னிப்புக் கேட்கவும் சட்ட ஆலோசனை பெறவும் வாய்ப்பு இருக்க வேண்டும். அவரைச் சிறைக்கு அனுப்பிய பிறகும், ஆணையை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும் அதிகாரம் அமர்வுக்கு உண்டு. கோபம் தணிந்த மறுநாள் காலையில் பயன்படுத்தக்கூடிய அதிகாரம் அது.

இந்திய ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. அன்றைய தினம் நீதிமன்றம் கலைவதற்குள் என்ற எல்லை, ஒருவரைக் காலவரையின்றிக் காவலில் வைத்திருப்பதைத் தடுக்கிறது என்ற அளவில் நல்லது. ஆனால் மாலை நான்கு மணிக்கு நடந்த ஒரு நிகழ்வுக்கு அதே எல்லை அரை மணி நேரத்தில் வழக்கறிஞரைத் தேடி, ஆலோசித்து, காரணம் காட்டச் சொல்கிறது. நியாயமான வாய்ப்பு என்பது அந்த அரை மணிக்குள் அடங்கிவிடுமா? அடங்காது என்று தோன்றும் போதெல்லாம் நடுவர் இரண்டாம் வழியை, அதாவது வேறொரு நடுவருக்கு அனுப்பும் வழியைத் தேர்வது சட்டத்துக்குப் பொருந்தும். இன்னொன்று, 1000 ரூபாய் கட்ட முடிந்தவர் மாலையில் வீட்டுக்குப் போகிறார். கட்ட முடியாதவர், அதே சொல்லைச் சொன்னதற்காக, சிறைக்குப் போகிறார். சிறைத் தண்டனையை நேரடியாக விதிக்க அதிகாரமில்லாத ஒரு பிரிவு, ஏழைக்கு மட்டும் சிறைப் பிரிவாக மாறுவதை எந்த விளக்கத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற விதி இந்திய உச்ச நீதிமன்றத்துக்கும் புதிதன்று. தனிப்பட்ட முறையில் தாக்கப்பட்ட நீதிபதி, இயன்றவரை, தம்மைப் பற்றிய அந்த அவமதிப்பு வழக்கைத் தாமே விசாரிக்காமல் இருப்பது விரும்பத்தக்கது என்று 1954 இலேயே அது கூறியிருக்கிறது. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் நேரில் நிகழும் அவமதிப்புக்கு, குற்றச்சாட்டை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வேறொரு நீதிபதி விசாரிக்க வேண்டும் என்று வாய்மொழியாகக்கூடக் கோரலாம் என்கிறது. ஆயினும் 2009 இல் உச்ச நீதிமன்றத்திலேயே காலணி வீசப்பட்டபோது, இரண்டு நீதிபதிகளில் ஒருவர் அங்கேயே மூன்று மாதச் சிறை என்றார். மற்றவர், 14 ஆம் பிரிவின் நடைமுறையைப் பின்பற்றாமல் தண்டிக்க முடியாது என்று மாறுபட்டார். மூன்று நீதிபதி அமர்வு பின்னர் தண்டனையையே உறுதி செய்தது. நான் மாறுபட்ட நீதிபதியின் பக்கம். நீதிமன்றத்தை நோக்கிக் காலணி வீசுபவருக்கும் நடைமுறையைத் தருகிற நீதிமன்றத்தின் மீதுதான், காலணி வீசாத கோடிக்கணக்கானவர்களுக்கு நம்பிக்கை பிறக்கும்.

மன்னிப்பைப் பற்றிச் சில வரிகள். மன்னிப்புக் கேட்டால் நீதிமன்றம் விட்டுவிடலாம் என்று சட்டம் இடம் தருகிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் விளக்கம் கேட்பதற்கு முன்பே மன்னிப்பை எதிர்பார்ப்பது, குற்றம் செய்தாரா என்ற கேள்வியைத் தாண்டிக் குதிப்பதாகும். லிமசோல் வழக்கறிஞரிடமும் அதுதான் நடந்தது: திரும்பப் பெறு, அல்லது தண்டனைக்கு எதிராகப் பேசு. நான் சொன்னதற்கு நீங்கள் கொண்ட பொருள் தவறு என்று சொல்ல மூன்றாவது கதவு எதுவும் அங்கே திறந்திருக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் நடுவர் நீதிமன்றச் சட்டம் இதில் ஒரு படி முன்னே நிற்கிறது. அவமதிப்புக்காக நடுவர் ஒருவரைச் சிறைக்கு அனுப்பினாலோ அபராதம் விதித்தாலோ, அதற்கான காரணங்களை எழுதிச் சான்றளித்து, தாமதமின்றி மேல் நீதிமன்றத்தின் மறுஆய்வுக்கு அனுப்ப வேண்டும். தண்டிக்கப்பட்டவருக்கும் ஒரு படி தர வேண்டும். அவர் மேல்முறையீடு செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. இங்கும் மேல்முறையீடு உண்டு, ஆனால் அது தண்டிக்கப்பட்டவரின் முயற்சியை நம்பியிருக்கிறது. பெரும்பாலும் அவரிடம் இல்லாதது அதுவே.

இவ்வளவும் எழுதியது உண்மையில் ஒரு நாளை மனத்தில் வைத்துத்தான். நான் இளநிலை வழக்கறிஞராக இருந்த காலத்தில், ஒரு நடுவர் நீதிமன்றத்தில், எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பெயர் மூன்று முறை அழைக்கப்பட்டும் பெஞ்சில் அமர்ந்தே இருந்தார். பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பிய பிறகு எழுந்து, கூண்டுக்குப் போகும் வழியில் கைப்பேசி ஒலிக்க, அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் வைத்தே அழுத்திப் பிடித்துக்கொண்டார். நடுவர் எதுவும் கேட்கவில்லை. நீதிமன்றம் கலையும் வரை சுவரோரம் நிற்கும்படி சொன்னார். அவர் நின்றார். உணவு இடைவேளையிலும், போகலாமா கூடாதா என்று தெரியாததால், அங்கேயே நின்றார். அவருக்கு ஒரு காது முழுவதும் கேட்காது என்று மாலையில் அவருடைய மகள் வந்து சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அன்று முழுவதும் நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அது எந்தப் பிரிவின் கீழும் விதிக்கப்பட்ட தண்டனை அன்று. குற்றச்சாட்டு இல்லை, காரணம் காட்டும் வாய்ப்பு இல்லை, பதிவு இல்லை, ஆகவே மேல்முறையீடும் இல்லை. சில நாட்கள் கழித்து வேறொரு வேலையாக அந்த வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்தத் தேதிக்கு எதிரே அவர் ஆஜரானதும் அடுத்த வாய்தாவும் மட்டும் எழுதப்பட்டிருந்தன.